பூனைக்கு ஈர உணவா, உலர் உணவா?

வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனைக்குத் தாக உணர்வு இயல்பாகவே குறைவு என்பதால், சென்னைப் பெருங்குடி அடுக்ககங்களில் சித்திரை வெயிலிலும் கிண்ணத்து நீரை அது சீந்தாதிருப்பதுண்டு. உலர் உணவில், அதாவது சிறு உருண்டைகளாக வார்த்து உலர்த்தப்பட்ட தீவனத்தில், ஈரப்பதம் ஏறத்தாழ 10 விழுக்காடே. குழம்புடன் உறையில் அடைக்கப்படும் ஈர உணவில் அது பெரும்பாலும் 75 விழுக்காட்டுக்கு மேலிருப்பதால், சிறுநீர் நீர்த்து, சிறுநீர்ப்பையில் கற்கள் படிவதைத் தவிர்க்க உதவுகிறது. எனினும், பிரித்து வைத்த ஈர உணவு சென்னைப் புழுக்கத்தில் விரைவில் கெட்டுவிடும் ஆதலால், காலையும் மாலையும் உடனே உண்ணுமளவு ஈர உணவும், இடைப்பொழுதுக்கு அளந்து வைத்த உலர் உணவும் எனப் பகிர்ந்தளிப்பது பொருந்தும். எவ்வகை உணவாயினும், இதயத்துக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத டாரின் என்னும் அமினோ அமிலம் அதில் இருத்தல் வேண்டும். பால்சோறும் தயிர்சோறும் அதனைப் போதிய அளவில் தருவதில்லை.