நஞ்சின் அளவும் உழவரின் உடலும்

பக்தாதில் மருத்துவமனை எழுப்ப இடம் தேடியபோது, மருத்துவப் பேரறிஞர் அபூபக்ர் அர்ராஸீ நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அவை தாமதமாக அழுகினவோ அவ்விடத்தையே தேர்ந்தார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. நோயாளி மூச்சு விடவிருக்கும் காற்றையே அவர் சோதித்தார் என்பதே இதன் உட்பொருள். மாசினால் விளையும் தீங்கை அளக்க முற்படுவோர் மறத்தற்கரிய பாடம் இது.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்திலுள்ள பூலாம்பாடிப் பகுதியை எண்ணிப் பார்ப்போம். பருத்தியும் மக்காச்சோளமும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரங்கள். வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இயங்குகிறது. பருத்திக்குப் பூச்சிகள் பல. ஆதலால் மருந்தடிப்பும் பலமுறை நிகழ்கிறது. 2017ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தடித்த உழவர்களும் தொழிலாளர்களும் இருபதுக்கு மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் அத்தகைய இறப்புகள் நேர்ந்தன.

அரசு பதிவளித்த மருந்து ஆளைக் கொல்வது எங்ஙனம்? இதற்கு விடை காண, தீங்கினை அறிவியல் எவ்வாறு கணிக்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

1983இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இக்கணிப்பை நான்கு படிகளாக வகுத்தது. ஒரு பொருள் என்ன கேடு செய்யும்? எவ்வளவில் செய்யும்? மனிதர் உடலில் எவ்வளவு சேர்கிறது? இம்மூன்றையும் இணைத்தால் ஆபத்தின் அளவு யாது? முதலிரு வினாக்களுக்கு ஆய்வுக்கூடம் பெரும்பாலும் விடை தருகிறது. விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத உச்ச அளவைக் கண்டு, மனிதர் வேறுபாடு கருதிப் பத்தாலும், மனிதருக்குள் வலியோர் மெலியோர் வேறுபாடு கருதி மீண்டும் பத்தாலும் வகுப்பது பொதுவழக்கம். மூன்றாம் வினாவுக்கோ வயலில்தான் விடை உண்டு.

மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் கொண்டு இதனை விளக்குவோம். ஒருவர் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடில்லையென வல்லுநர் வரையறுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.0006 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 0.036 மில்லிகிராம் ஆகும். கடைகளில் விற்கப்பட்ட 36 விழுக்காட்டுக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரிலோ சுமார் 360 மில்லிகிராம் நஞ்சு உண்டு. மருந்து கலக்கும்போது அவ்வளவு கையில் சிந்தி, அதில் நூற்றில் ஒரு பங்கே தோல்வழி ஊடுருவுகிறதெனக் கொண்டாலும் 3.6 மில்லிகிராம் உட்சென்றுவிடும். அது மேற்சொன்ன அளவைப்போல் நூறு மடங்கு!

உண்போரைக் காக்கும் பொருட்டு, 2005ஆம் ஆண்டில் இம்மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பருத்திக்கு அடிக்க அப்போது தடை விதிக்கப்படவில்லை. பருத்திப் பஞ்சை எவரும் உண்பதில்லை என்பது மெய்யே; ஆனால் அதற்கு மருந்தடிப்பவர் சுவாசிக்கிறார், வியர்க்கிறார், ஈர உடையோடு மாலைவரை நிற்கிறார். உண்பவரின் உடல் கணக்கில் ஏறிற்று; உழைப்பவரின் உடல் ஏறவில்லை. கையுறையும் முகமூடியும் அணிவார் எனத் தாளில் எழுதிவிட்டால் ஆபத்து தாளில் குறைந்துவிடும். வெயில் கொளுத்தும் வேளையில், தோளுயரம் வளர்ந்த செடிகளுக்கிடையே அவற்றை அணிந்து நடப்போர் எத்துணைப் பேர்?

2023இல் நடுவணரசு இக்கரைசலின் பதிவை விலக்க ஆணையிட்டது. நன்றே. எனினும் மருந்து மாறிக் கணிக்கும் முறை மாறாதிருப்பின், பழைய தவறே புதிய பெயரில் தொடரும்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. இவ்வகைப் பாஸ்பரஸ் மருந்துகள் நரம்புகளின் இயக்கத்திற்கு இன்றியமையாத கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. குருதிச் சோதனையால் இதனை அறியலாம். பருவத்திற்கு முன் ஒருமுறையும் மருந்தடிக்கும் நாள்களில் மறுமுறையும் சோதித்தால், மயங்கி விழுமுன்பே ஆபத்து தெரிந்துவிடும். யார் கலக்குகிறார், எத்தனை மணிநேரம் அடிக்கிறார், எவ்வெவற்றை ஒன்றாகக் கலக்கிறார், அடித்த வயலில் மறுநாளே களையெடுக்கும் பெண்கள் எத்தனை பேர், வயலோரக் கிணற்று நீரில் என்ன கலந்துள்ளது என்பனவற்றை ஊர்தோறும் பதிவு செய்தல் வேண்டும்.

அர்ராஸீ இறைச்சியைத் தம் நூலகத்தில் தொங்கவிடவில்லை. நாமும் அளவுகோலை எடுத்துக்கொண்டு பருத்தி வயலுக்குச் செல்வோம். அங்கு நிற்பவரின் உடலிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம்.