எண்ணூர் முகத்துவாரத்துக் கூழைக்கடா

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே, சாம்பல் நிற மூட்டை ஒன்று மிதப்பதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் மூட்டைக்கு ஓர் அடி நீள அலகு இருக்கும். மேல் அலகின் ஓரம் முழுக்க மை தெளித்தாற்போல் புள்ளிகள். அதனால்தான் இதற்குப் புள்ளி அலகுக் கூழைக்கடா என்று பெயர்.

அலகுக்கடியில் தொங்கும் தொண்டைப்பையில் மீனைச் சேர்த்து வைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பை அல்ல, வலை. தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கீழ்த்தாடை எலும்புகள் இருபுறமும் வில்லாக வளைந்து விரியும்; மீனும் தண்ணீரும் ஒன்றாக உள்ளே போகும். பிறகு அலகை மார்போடு அணைத்துக்கொண்டு பொறுமையாகத் தண்ணீரை வடியவிடும். கடைசியில் அலகைத் தூக்கி ஒரே விழுங்கு. மடவை மீன் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும்!

ஐந்து கிலோ எடையும் இரண்டரை மீட்டர் சிறகு விரிப்பும் உள்ள இந்தப் பறவையால் நீர்க்காகம்போல முங்கி மீன் துரத்த முடியாது. தோலுக்கடியில் உள்ள காற்றறைகள் அதை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஆழம் குறைந்த கழிமுகமும் ஏரியும்தான் இதற்குப் பிழைப்பு. வேடந்தாங்கலில் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். குஞ்சுகள் தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு இரை தின்னும்.

மிதப்பதற்குக் காற்றறைகள் மட்டும் போதாது, இறகும் வேண்டும். ஒவ்வோர் இறகிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் காக்கின்றன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில் படர்ந்தபோது, கூழைக்கடாக்களின் வெள்ளை வயிறு கறுத்தது. எண்ணெய் பட்டால் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தோலைத் தொடும், உடம்புச் சூடு இறங்கும். பறவை தன் வழக்கப்படி அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். அப்போது எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடும். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பிடித்துவிட்டால் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் கொண்டு கழுவலாம். ஆனால் சிறகில் தெம்பு இருக்கும்வரை கூழைக்கடா யார் கையிலும் அகப்படாது. படகு நெருங்கினால், கறுத்த வயிற்றோடு எழுந்து பறந்துவிடும்.