டால் ரியாட்டா: கதைகள் மறந்த கடல்

1684-இல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு முன்னோர்கள் தேவைப்பட்டார்கள், அதுவும் மொத்தமாக. யாக்கோப் டி வெட் என்ற டச்சு ஓவியரை அமர்த்தி, எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனைக்காக ஸ்காட்லாந்து அரசர்களின் 110 படங்களை வரையச் சொன்னார்கள். கி.மு. 330-இல் அயர்லாந்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட முதலாம் ஃபெர்கஸிலிருந்து வரிசை தொடங்குகிறது. டி வெட் இரண்டே ஆண்டில் வேலையை முடித்தார். நூற்றாண்டுகள் மாறினாலும் பல முகங்களில் மூக்கு ஒன்றுதான்.

அந்த வரிசையின் அடியில் நிஜமான ஓர் அரசும் இருந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் கரையையும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையையும் சேர்த்து ஆண்ட டால் ரியாட்டா அது. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் செழித்த, கேலிக் மொழி பேசிய அரசு. அதன் பெயரை வைத்துக்கொண்டு சுமார் எண்ணூறு ஆண்டுகளைக் கற்பனையால் நிரப்பியிருந்தார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். 1729-இல் தாமஸ் இன்னஸ் என்ற பாதிரியார் அந்த முதல் நாற்பது அரசர்களையும் ஏட்டிலிருந்து விரட்டினார். எண்ணெய் வண்ணம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவர்களுக்கு எண்ணெய் வண்ணப் படமா என்று 1814-இல் ‘வேவர்லி’ நாவலில் வால்டர் ஸ்காட்டும் கேலி செய்தார்.

இன்று எந்த மன்னரும் டால் ரியாட்டாவிடம் வம்சம் கேட்பதில்லை. கேட்பவர்கள் கதைக்காரர்கள். ரோஸ்மேரி சட்கிளிஃப் 1965-இல் எழுதிய ‘தி மார்க் ஆஃப் தி ஹார்ஸ் லார்ட்’ இவர்கள் எழுதியவற்றுள் ஆகச் சிறந்தது என்பேன். கண் பறிக்கப்பட்ட இளவரசனின் இடத்தில் ஒரு கிளாடியேட்டர் ஆள்மாறாட்டம் செய்யும் கதை. காலத்தை ரோமானியர் நாளுக்கே தள்ளிவிட்டார். கதைக்கு அது பொருந்துகிறது, வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. ஹங்கேரியின் ஷோப்ரோன் நகரில் ஒரு நாட்டுப்புற மெட்டல் இசைக்குழு டால்ரியாடா என்றே பெயர் வைத்திருக்கிறது. டால் ரியாட்டாவை ஆண்ட ஈடான் மன்னரின் மகன் பெயர் அர்த்தூர் என்பதால், ஆர்தர் மன்னரைத் தேடுவோரும் இங்கே வந்து நிற்கிறார்கள். அந்த அர்த்தூர் இளவரசனாகவே போரில் இறந்துபோனவர்.

2011-இல் வந்த ‘தி ஈகிள்’ படத்தில் ரோமானியர் கால வடதேசக் கடற்கரைக் குடிகள் கேலிக் பேசுகிறார்கள். அயர்லாந்திலிருந்து பின்னாளில் வந்த மொழியாயிற்றே, அந்தக் காலத்தில் அங்கே கேலிக் ஏது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் 2001-இலேயே தொல்லியலாளர் யூவன் கேம்ப்பெல் வேறொரு வாதத்தை வைத்திருந்தார்: அயர்லாந்திலிருந்து பெருங்கூட்டம் குடியேறியதற்கு மண்ணில் சான்றில்லை, ஆர்கைல் மக்கள் தொடக்கம் முதலே கேலிக் பேசியிருக்கலாம். அவர் சொல்வது சரியானால், தெரியாமலே உண்மைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது சினிமா.

அன்றும் இன்றும் மாறாத குறை ஒன்றுண்டு. ஓவியர் அரியணை தந்தார், நாவலாசிரியர் குதிரை தந்தார். கடலை யாரும் தரவில்லை. இரு கரைகளுக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தில் சுமார் இருபது கிலோமீட்டர் நீர்தான். அதுவே அந்த அரசின் நெடுஞ்சாலை. இருபது வீட்டுக்கு இரண்டு படகு, படகுக்கு ஏழு துடுப்புப் பலகை என்று படைக்கணக்கு வைத்திருக்கிறது அவர்களின் பழைய ஏடு. பிரிட்டன் தீவுகளில் பதிவான முதல் கடற்போர் 719-இல் இவர்களுடைய இரு குலங்களுக்குள்ளேயே நடந்தது. தலைக்கோட்டையான டனாடில் பிரான்சிலிருந்து வந்த மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. அவையும் கப்பலேறி வந்தவைதான். பயணிகளோ அங்கே பாறையில் செதுக்கிய காலடித் தடத்தில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூலத்தைக் காக்க மேலே மூடிய நகல் அது.

சட்கிளிஃபைப் படியுங்கள், தவறில்லை. படித்த கையோடு, ஐயோனா மடத்தின் தலைவர் அடோம்னான் சுமார் 700-இல் எழுதிய புனித கொலம்பாவின் வரலாற்றையும் எடுங்கள். புயலும் படகும் துறையுமாக டால் ரியாட்டா அதில்தான் இருக்கிறது.