பல ஊற்றுகள், ஒரு சேமக்கலம்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது. பாய்க்குக் காற்றொன்றே போதும். இக்காலத்துப் பாய்ப்படகிற்கோ அது போதாது. இரவில் எரியவேண்டிய வழிவிளக்கு, வானொலிக் கருவி, ஆழங்காணும் கருவி ஆகிய யாவும் மின்சாரத்தை வேண்டி நிற்கின்றன. அதனைச் சேர்த்துவைப்பது சேமக்கலம், அதாவது பற்றரி. அதற்கு மின்னேற்றச் சூரியத் தகடு, சிறு காற்றாலை, எந்திரத்தோடு சுழலும் மின்பிறப்பாக்கி என்ற மூன்றையும் மாலுமிகள் வைத்துக்கொள்கின்றனர்.

ஏன் மூன்று? யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருவங்களே இதற்கு விடை கூறும். சோளகம் வீசும் மாதங்களிற் காற்றாலை இரவும் பகலும் சுழலும். பங்குனியிற் காற்று அடங்கினும் வெயில் குறைவதில்லை. கார்த்திகை மழைமூட்டத்தில் இரண்டும் கைவிடும் நாள்களுண்டு. அன்று டீசலே துணை.

மூன்றையும் ஒரே சேமக்கலத்தோடு கம்பியால் இணைத்துவிட்டாற் போதும் என்று தோன்றலாம். இடர் தொடங்குவது அங்கேதான். ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒரு சீராக்கி உண்டு. அது சேமக்கலத்தின் மின்னழுத்தத்தை அளந்து, கலம் நிறைந்ததா இல்லையா என்று தீர்மானிக்கிறது. 12 உவோற்று ஈய அமிலக் கலமாயின், ஏறத்தாழ 14.4 உவோற்று வரை உயர்த்திச் சிலமணி நேரம் நிறுத்திப் பின்னர் 13.5 அளவிற்கு இறக்குவது வழக்கம். ஆனால் மின் ஏறிக்கொண்டிருக்கும்போது காணப்படும் அழுத்தம் கலத்தின் உண்மை நிலையன்று. அலையின் உச்சியைப் பார்த்துத் தொட்டி நிரம்பிற்று என்று கொள்வது போன்றது அது. உச்சிவெயிலிற் காற்றாலையும் சேர்ந்து அழுத்தத்தை உயர்த்தும்போது, சூரியத் தகட்டின் சீராக்கி தன் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடலாம். பிறகு காற்றும் விழுந்தால், கலம் அரைகுறையாகவே இரவை எதிர்கொள்ளும். இவ்வாறு பலநாள் கிடந்தால் ஈயத் தகடுகளிற் சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிக் கலம் பயனற்றுப்போகும். மறுபுறம், மின் மிகுந்தேறினால் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும். மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும்.

மூன்றின் குணமும் வேறு. சூரியத் தகட்டைத் துண்டித்தால் தீங்கில்லை. எனினும் இரவிற் கலத்திலிருந்து அதற்கு மின் திரும்பிப் பாயாதிருக்க இருவாயி வேண்டும். காற்றாலையோ சுமை நீங்கியதும் வெறிகொண்டு சுழலும். ஆதலால் மிகுதி மின்னை ஒரு வெப்பச் சுருளில் எரித்துவிடுவர். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் மின்பிறப்பாக்கியைத் திடீரெனத் துண்டித்தால் அதன் இருவாயிகளே பழுதாகும். இலிதியச் சேமக்கலம் ஆபத்து நேரத்திற் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும் இயல்புடையது. அதை வாங்குவோர் பெரும்பாலும் மறப்பது இதனையே. கலத்தின் வாயிலில் உட்செல்லும், வெளியேறும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி ஒன்றை வைத்து, சீராக்கிகள் அனைத்தையும் அதன் கணக்கிற்குக் கட்டுப்படுத்துவதே சிறந்த ஏற்பாடு.

கம்பி எட்டாத தீவின் நிலையும் படகின் நிலையே. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய எழுவைதீவிற்கு டீசலும் கடல் வழியேதான் செல்லவேண்டும். அங்கே 2016ஆம் ஆண்டளவிற் காற்று, சூரியன், டீசல், இலிதியச் சேமக்கலம் ஆகிய நான்கும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற்கான இத்தகைய திட்டத்திற்கு, இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரிய மின் 1,700 கிலோவாற்று, காற்று மின் 530 கிலோவாற்று, சேமக்கலம் 2,400 கிலோவாற்று-மணி என்பன அதன் அளவுகள். மூன்று தீவுகளும் சேர்ந்து இரவில் 200 கிலோவாற்று வீதம் செலவிடுமாயின், நிறைந்த சேமக்கலம் 12 மணி நேரம் தாங்கும். இவற்றோடு துணைக்கென 2,500 கிலோவாற்று டீசல் எந்திரமும் குறிக்கப்பட்டுள்ளது. சூரியனும் காற்றும் சேர்ந்து தரக்கூடியதிலும் அது பெரிது. கார்த்திகை மூட்டத்தை எண்ணியே பொறியியலாளர் அவ்வளவு பெரிதாக வைத்தனர் போலும்.