டாப் மவுண்டை உயர்த்தினால் பாரம் கூடுதலாக ஏற்றலாமா?

சென்னீர்குப்பம், பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் சொந்த வண்டி வைத்திருக்கும் வியாபாரிகள் அனேகம். செங்குன்றத்தில் அரிசி, கோயம்பேட்டில் காய்கறி என்று வாரத்தில் நாலு நாளாவது வண்டி ஓடியாக வேண்டும். பாரத்தோடு வரும் வண்டி வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டங்' என்று இடிக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டினால், "டாப் மவுண்டைக் கொஞ்சம் தூக்கி வெச்சா ஷாக்குக்கு ஓட்டம் கூடும், இன்னும் நாலு மூட்டை போடலாம்" என்கிறார். செய்யலாமா என்று அண்மையில் இரண்டு கடைக்காரர்கள் எங்களிடம் கேட்டனர். நாங்கள் இன்ஜினீயர் அல்ல, அரிசி வியாபாரிகள். ஆனால் இந்த வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள். அதனால் எழுதுகிறோம்.

கார், வேன்களின் முன்சக்கரத்தில் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே தூணாக நிற்கும். இதை 'ஸ்ட்ரட்' என்பார்கள். மெக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் வகுத்த முறை இது. 1950-ல் இங்கிலாந்தில் போர்டு கம்பெனியின் கார்களில் வந்தது. நம் ஊர்ச் சாலைகளில் 1983-ல் மாருதி 800, மறு வருடம் மாருதி வேன் மூலம் பழக்கமானது. அந்தத் தூணின் தலையை வண்டியின் தகட்டோடு பிடித்து வைப்பதுதான் டாப் மவுண்ட். அதில் ரப்பரும் பேரிங்கும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தூண் முழுவதும் இந்தத் தலையில்தான் சுழலும். இதை மறந்துவிடக் கூடாது.

இனி ஓட்டத்தின் கணக்கு. ஷாக்கின் ராடு மொத்தம் 15 சென்டிமீட்டர் ஓடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காலி வண்டியில் அமுங்குவதற்கு 9, நீளுவதற்கு 6 இருக்கும். பாரம் ஏற்றியதும் ஸ்பிரிங் 6 சென்டிமீட்டர் அமுங்குகிறது. அமுங்க மிச்சம் 3 மட்டுமே. ஒரு பள்ளத்தில் அதுவும் தீர்ந்து தடுப்பு ரப்பரில் மோதுகிறது. 'டங்' சத்தம் அதுதான். ஓட்டத்தைத் தின்றது மூட்டை.

மெக்கானிக்குகள் செய்வது இரண்டு வகை. மவுண்டுக்கும் வண்டித் தகட்டுக்கும் நடுவே பேக்கிங் கொடுப்பது ஒன்று. வண்டி உயர்ந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதே பாரத்துக்கு ஸ்பிரிங் அதே அளவுதான் அமுங்கும். ராடுக்கு அமுங்க மிச்சம் முன்போலவே 3 தான். இடி நிற்காது, காசுதான் போகும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மவுண்டை வெட்டி, ராடின் தலையை மட்டும் மேலே தூக்கி வெல்டு வைப்பது. 2 சென்டிமீட்டர் தூக்கினால் பாரத்தில் அமுங்க 5 கிடைக்கும். இடி நிற்பது உண்மைதான். ஆனால் காலி வண்டியில் நீளுவதற்கு இருந்த 6, இப்போது 4 ஆகிவிட்டது. ஒரு கல்லாவில் எடுத்து இன்னொரு கல்லாவில் போட்ட கதை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால், ராடு எட்டாமல் மவுண்டைப் பிடித்து இழுக்கும். சக்கரமும் முன்னைவிட மேலே ஏறுவதால் டயர் உள்தகட்டில் உரசும். வெல்டு சூட்டில் ரப்பர் பிடிப்பும் விட்டுப்போகும். பந்தயத்துக்காகத் தாழ்த்திய கார்களில் இப்படிச் செய்கிறவர்கள் அதற்கென்றே கடைந்த மவுண்டும், நீளம் குறைந்த ஷாக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். பட்டறை ஓரத்தில் வெல்டு வைத்து முடிக்கிற வேலை அல்ல.

2013-ல் எங்கள் ஆம்னி வேனில் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்தோம். டிரைவருக்கு இடப்பக்க சீட்டைக் கழற்றிவிட்டு அங்கேயும் சிப்பம் அடுக்குவது வழக்கம். (சொந்த உபயோகத்துக்குப் பதிவான வேனில் சரக்கு ஏற்றியதே தவறு, ஒப்புக்கொள்கிறோம்.) இரண்டு மாதம் சத்தமே இல்லை, மெக்கானிக்கைப் புகழ்ந்தோம். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'கடக் கடக்' என்று கேட்கிறது என்று டிரைவர் தம்பி சொன்னார். பொங்கல் வியாபாரம் முடியட்டும் பார்க்கலாம் என்றோம். மூன்றாம் நாள் இரவு, காலியாகத் திரும்பும்போது ஆவடி சாலையில் வெல்டு விட்டுவிட்டது. சக்கரம் சாய்ந்து, ஸ்டியரிங் பேச்சுக் கேட்காமல், வண்டி ஒரு மதில் சுவரில் போய் நின்றது. தம்பிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. இன்றும் மழைக்காலத்தில் அந்தக் கையைத் தேய்த்துக்கொள்கிறார், நாங்கள் பார்த்தும் பாராதது போல் இருக்கிறோம்.

இடி சத்தம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது சோதனை. ஷாக்கின் தூசி உறையைத் தூக்கி, ராடின் அடியில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டச் சொல்லுங்கள். வழக்கமான பாரத்தோடு ஒரு நடை போய் வந்தால், ராடு எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிவிடும். தடுப்பு ரப்பர் நைந்ததா, மவுண்ட் ரப்பர் வெடித்ததா, ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்த்து, கம்பெனி சாமானையே இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் கூடுதல் கமான் பட்டை சேர்ப்பதும் இதே ரகம். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் பழைய எடைக்குச் செய்தவைதானே?

சட்டமும் கடுமை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

ஆர்.சி.யை எடுத்து மொத்த எடையில் காலி எடையைக் கழியுங்கள். 750 கிலோ வந்தால் 25 கிலோ சிப்பம் 30 என்று நினைப்போம். டிரைவரும் லோடுமேனும் சேர்ந்து 130 கிலோ இருப்பார்களே! மிச்சம் 620, அதாவது 24 சிப்பம்தான். இந்த எண்ணை எழுதி வண்டிச் சாவி தொங்கும் ஆணிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். மீதி சிப்பம் அடுத்த நடையில் வருகிறது.