1.2.3 என்றால் என்ன பொருள்?

“ஊர்க் கருப்பட்டி ஒரு கிலோ வாங்கி வா” என்று வேம்பாரில் என் அம்மா கடைக்கு அனுப்புவார்கள். ஊர்ச் சரக்கு இல்லையென்றால் தம்பி வெறுங்கையோடு திரும்புவான். நானோ வெளியூர்க் கருப்பட்டியை வாங்கி வந்துவிடுவேன். சொல் ஒன்றே; கொண்ட பொருள் இரண்டு. கணிப்பொறி உலகிலும் இந்தத் தகராறு உண்டு, நண்பர்களே!

இன்று எவரும் முழு நிரலையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு பட்டியலில் குறித்துவிட்டால், அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது கட்டமைப்புக் கருவியின் வேலை. பதிப்பெண்ணில் முதல் எண் உயர்ந்தால் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம். இரண்டாவது உயர்ந்தால் புதிய வசதி. மூன்றாவது உயர்ந்தால் பிழைதிருத்தம். இதுவே பொதுவான மரபு.

ஆனால் 1.2.3 என்று வெறுமனே எழுதினால்? என்.பி.எம். அதே பதிப்பைத்தான் எடுக்கும். ரஸ்ட் மொழியின் கார்கோவோ 1.2.3 முதல் 2.0.0-க்கு முன்புவரை எதையும் ஏற்கும். மேவனுக்கு அது ஒரு விருப்பம் மட்டுமே, கண்டிப்பாக அதே பதிப்பு வேண்டுமெனில் [1.2.3] என்று அடைப்புக்குள் எழுத வேண்டும். இரு பொதிகள் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால், மேவன் சார்பு மரத்தில் அருகிலுள்ளதை எடுக்கும். கிரேடில் உயர்ந்ததை எடுக்கும்.

என்.பி.எம்.மில் ^1.2.3 என்றால் 2.0.0-க்கு முன்புவரை, ~1.2.3 என்றால் 1.3.0-க்கு முன்புவரை. முதல் எண் சுழியமானால் ^0.2.3 கூட 0.3.0-க்கு முன்பே நின்றுவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வள்ளத்தின் பங்குக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதினேன். கல்லூரியில் சரியாக ஓடியது, வீட்டில் புதிதாக நிறுவியதும் பைசாவை வேறு விதமாக முழுமையாக்கியது. பங்குகளின் கூட்டுத்தொகை வரவோடு ஒட்டவில்லை! நான் இட்ட ^ குறி, பொதியின் புதிய பதிப்பை உள்ளே விட்டிருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் பழைய நோட்டை எடுத்தார். உழைத்தவன் கூலியில் சந்தேகம் விழுந்தால் அப்புறம் எந்த இயந்திரத்தை நம்புவான்?

2022 ஜனவரியில் ‘கலர்ஸ்’ என்னும் பொதியை அதன் ஆசிரியரே வேண்டுமென்று கெடுத்துப் புதிய பதிப்பாக வெளியிட்டார். வரம்பைத் திறந்து வைத்திருந்த பல நிரல்களுக்குள் அது தானாகவே புகுந்தது.

இதற்கு மருந்து பூட்டுக் கோப்பு. உண்மையில் எடுத்த பதிப்புகளை அது அப்படியே குறித்து வைக்கும். அதை நிரலோடு சேர்த்தே கொண்டு செல்ல வேண்டும், ‘என்.பி.எம். சிஐ’ என்னும் கட்டளை அதன்படியே நிறுவும். அதற்காகப் பூட்டிய பதிப்பிலேயே காலமெல்லாம் இருந்துவிடவும் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரா. நாமே நாள் குறித்து, புதுப்பித்து, சோதித்து, மறுபடி பூட்டவேண்டும்.

இப்போது என் நிரலும் அப்பாவின் நோட்டும் ஒரே தொகையைச் சொல்கின்றன. ஆயினும் அப்பா நோட்டை இன்னும் மூடவில்லை. அதுவும் ஒரு பூட்டுக் கோப்புதானே!