எந்த மாநிலத்துச் சான்றிதழ்? – தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பிள்ளைகள் ஐ.ஏ.எஸ். முதலிய குடிமைப் பணித் தேர்வுகளுக்குப் படித்து வருகிறார்கள். மகிழ்ச்சி! ஆனால் படிப்பில் காட்டும் அக்கறையைக் காகிதங்களில் காட்டுவதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சான்றிதழ்க் கட்டோடு என்னிடம் யோசனை கேட்டு வருவோர் உண்டு. அவர்கள் கேட்பதில் பொதுவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

மத்தியத் தேர்வாணையம் சான்றிதழ்களின் நகல்களை இணையதளம் மூலம் முன்பே வாங்கிக் கொள்கிறது. அசல்களை, டில்லி ஷாஜகான் சாலையிலுள்ள தோல்பூர் ஹவுஸில் நடக்கும் நேர்முகத் தேர்வின்போது பார்க்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35. முப்பத்து நான்கு வயதில் எழுதும் ஒருவரின் ஓ.பி.சி. சான்றிதழ் செல்லாது என்றால், சலுகை மட்டுமா போகும்? வயதும் கடந்துவிட்டதால் தேர்வே போய்விடும்.

ஜாதிச் சான்றிதழ்: வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு முக்கியமான கேள்வி இதுதான். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை, 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது அதன் நிரந்தரக் குடியிருப்பு எங்கே இருந்தது என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். தாத்தா அன்றைக்கே கோலார் தங்கவயலில் நிலையாகக் குடியிருந்தவர் என்றால் கர்நாடகப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அப்பா பிற்பாடு வேலைக்காக வேலூரிலிருந்து பெங்களூர் வந்தவர் என்றால் தமிழ்நாட்டுப் பட்டியல்தான்.

பிழைக்க வந்த மாநிலத்தில் சொந்த மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே தமிழ்நாட்டுச் சான்றிதழ் கர்நாடக அரசுத் தேர்வில் உதவாது. ஆனால் மத்திய அரசுத் தேர்வுகளில் உதவும். இதற்காக ஊருக்கு ஓட வேண்டியதில்லை. தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் தந்த சான்றிதழைக் காட்டினால், இங்குள்ள அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று மத்திய உள்துறை 1982-லேயே எழுதியிருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும் இடம் நாட கச்சேரி. பெயரைக் கேட்டுப் பாட்டுக் கச்சேரி என்று எண்ண வேண்டாம். ஹோப்ளி அளவிலான வருவாய் அலுவலகம்!

ஓ.பி.சி. சான்றிதழ்: மாநிலப் பட்டியலில் ஜாதி இருந்தால் போதாது, மத்திய அரசின் பட்டியலிலும் இருக்க வேண்டும். சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். அதில் 'கிரீமி லேயர்' அல்லாதவர் என்று குறிப்பிட்டு, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். பெற்றோர் அரசு ஊழியர் என்றால் சம்பளத் தொகையை அல்ல, பதவியின் நிலையைத்தான் பார்ப்பார்கள். விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. மணமான பெண்ணுக்குப் பெற்றோரின் நிலைதான் கணக்கு, கணவருடையது அல்ல.

பிறந்த தேதி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான் இறுதி. ஜாதகம், நோட்டரி பத்திரம், மாநகராட்சியின் பிறப்புப் பதிவு எதையும் தேர்வாணையம் ஏற்பதில்லை.

பெயர்: தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. எஸ்.எஸ்.எல்.சி.யில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பிரமணியம்', பட்டத்தில் 'முருகன் எஸ்'. நமக்கு மூன்றும் ஒருவரே. சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அளவுகோலாக வைத்து மற்றவற்றைத் திருத்திக் கொள்ளுங்கள். தந்தை பெயரின் எழுத்துக்களும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

மொழி: சான்றிதழ் கன்னடத்திலோ தமிழிலோ இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் தயாராக இருக்கட்டும். ரயில்வே தேர்வு வாரியம் தன் அறிவிப்புகளிலேயே இதைக் கேட்கிறது. மொழிபெயர்ப்பில் விண்ணப்பதாரரே கையெழுத்திட்டால் போதும்.

ரயில்வேயில் வண்டி புறப்படும் முன்பே பிரேக்கைச் சோதித்துவிடுவோம், நடுவழியில் அல்ல. அதுபோல, பிள்ளை பட்டப்படிப்பில் சேரும்போதே தந்தையின் ஜாதிச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாத்தா காலத்து வீட்டுப் பத்திரம் அல்லது வேலைச் சான்று ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். எது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.